விற்ற சரக்கும் உடைத்த சரக்கும்

ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அது கெட்டுப்போகிறது. கெட்டதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ புதுச் சாமானையோ பெற்றுக்கொள்வதா, அல்லது உத்தரவாதச் சீட்டைக் காட்டிப் பழுது பார்த்துக்கொள்வதா என்பது பார்வைக்கு அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆனால், ஒரு சமூகத்தின் நாணயம் காசு கைமாறும் இடத்திலேதான் நாள்தோறும் அளக்கப்பட்டு வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் மக்களிடையே, தோட்டப்புறமாயினும் சரி, பட்டணமாயினும் சரி, இவ்விஷயத்தில் இரண்டு பெருங்குற்றங்கள் வேரூன்றி வருகின்றன. ஒன்று விற்பவர் செய்வது. மற்றொன்று வாங்குபவர் செய்வது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டிக்க முன்வந்திருக்கிறோம். ஒன்றைக் கண்டித்து மற்றொன்றை மறைத்தால் அது கட்சிப் பேச்சாகுமேயொழிய நியாயப் பேச்சாகாது.

விற்பவர் தரப்பு

முதலில் விற்பவரை எடுத்துக்கொள்வோம். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்னும் வாசகத்தை எத்தனையோ கடைகளின் சுவர்களிலும் ரசீதுகளின் அடியிலும் நம் மக்கள் கண்டிருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். படிக்கத் தெரியாதவருக்குக் கடைப் பையன் படித்துக் காட்டுகிறான். அப்பலகைக்குச் சட்டத்தின் பலம் இருப்பதாகவே இருவரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது கடைக்காரர் தம் வசதிக்காக எழுதி மாட்டிய பலகை, அவ்வளவே. மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு அதைக் காட்டினால் நியாயமுண்டு. நிறம் பிடிக்கவில்லை என்றும், பக்கத்துக் கடையில் இரண்டு வெள்ளி குறைவாகக் கிடைக்கிறது என்றும் சொல்லித் திரும்பி வருகிறவருக்காகக் கடைக்காரர் நட்டப்படவேண்டிய கடமை இல்லை. ஆனால், விற்கும்போதே பழுதாயிருந்த சரக்கை விற்றுவிட்டு அப்பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அக்கிரமம்.

ஒரு தோட்டத் தொழிலாளி சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து 60 வெள்ளிக்கு ஒரு காற்றாடி வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சுவிட்சைப் போட்டால் அது உறுமுகிறதேயொழியச் சுற்றவில்லை. மறு வாரம் பஸ் ஏறி வந்து கடையில் வைக்கிறார். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. "அது கம்பெனி விஷயம் அண்ணே. கார்டில் விலாசம் இருக்கிறது, அங்கே கொண்டு போங்கள்" என்கிறார். விலாசமோ எங்கோ ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. போக வரப் பஸ் கூலி, ஒரு நாள் வேலை நட்டம், அங்கே ஆங்கிலத்திலோ மலாயிலோ நிரப்பவேண்டிய பாரம், பிறகு அதை எடுத்துவர மீண்டும் ஒரு பயணம். கூட்டிப் பார்த்தால் காற்றாடியின் விலையில் பாதி போய்விடும். ஆகவே அவர் அதை லயத்து வீட்டின் மூலையில் போட்டுவிட்டு, "நம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொள்கிறார். இது தலையெழுத்தா? காசை எண்ணி வாங்கிக்கொண்ட கை எது? பேரம் பேசிய வாய் எது? கம்பெனிக்காரரையா அவர் கண்டார்? கண்டது கடைக்காரரைத்தானே!

உத்தரவாதச் சீட்டு என்பது வாங்குபவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையின்மேல் தயாரிப்பாளர் கூடுதலாகத் தரும் ஒரு வாக்குறுதி. அது கடைக்காரரின் பொறுப்பைக் கழித்துவிடும் ரசீதாகாது. கம்பெனிக்கும் பொறுப்புண்டு என்பது உண்மையே. 1928ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் ஓர் அம்மையார், தம் சிநேகிதி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தில் அழுகிய நத்தை கிடந்ததாகச் சொல்லி, அதைத் தயாரித்தவர்மீது வழக்குத் தொடர்ந்தார். காசு கொடுத்து வாங்கியவர் அவரல்லர். ஆதலால் கடைக்காரரிடம் ஒப்பந்தப்படி அவர் கேட்க வழியில்லாதிருந்தது. 1932இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, கடைசியில் உபயோகிக்கிறவர் விஷயத்தில் கவனமாயிருக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. டொனஹியூ–ஸ்டீவன்சன் வழக்கு என்று சட்டம் படித்தோர் அனைவரும் அறிந்த வழக்கு இது. அது தயாரிப்பாளரின் தோளில் புதிதாக ஒரு பொறுப்பை ஏற்றியது. விற்றவரின் தோளிலிருந்து எதையும் இறக்கிவிடவில்லை. "கம்பெனியிடம் போ" என்று விரட்டுகிற நம் கடைக்காரர்களோ, ஏற்றியதை மட்டும் பார்த்து இறக்கிவிட்டதாக நடிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது

"வாங்குபவனே, விழிப்பாயிரு" என்பது பழைய வியாபாரச் சட்டத்தின் மூலமந்திரம். கண்ணால் பார்த்தும் கையால் தட்டியும் வாங்கத்தக்க மாடும் பானையும் விற்ற காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். மூடிய பெட்டிக்குள் மின்சாரக் கருவியை வைத்து விற்கும் இக்காலத்துக்கு அது பொருந்துமா? பொருந்தாதென்று கண்டே அரசாங்கங்கள் சட்டத்தை மாற்றின.

மலேசியாவில் 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் சரக்கு ஏற்கத்தக்க தரமுள்ளதாயிருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவில் விதிக்கிறது. உரிய வேலைக்கு உதவுவது, தோற்றத்திலும் முடிப்பிலும் குறையில்லாதிருப்பது, ஆபத்தில்லாதிருப்பது, நீடித்து உழைப்பது ஆகியவை அத்தரத்தின் அங்கங்கள். பழுது தீர்க்கத்தக்கதாயின் நியாயமான காலத்துக்குள் தீர்த்துத் தரும்படி விற்றவரையே கேட்கலாம். தீர்க்க முடியாததாகவோ பெரும் பழுதாகவோ இருப்பின் சரக்கையே மறுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் வசதியும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. இவ்வுரிமைகளை எந்த ஒப்பந்த வாசகமும் அழித்துவிட முடியாது என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. சுவர்ப் பலகைகளின் கதி இதனால் விளங்கும்.

சண்டை மூண்டால் வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று ஏங்க வேண்டுவதில்லை. அதே சட்டத்தின்கீழ் ஏற்பட்ட பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம்; அங்கே பொதுவாக வக்கீல்களுக்கு இடமில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான வழக்குகளையே அது ஏற்றது. பின்னர் 25,000 ஆகவும், 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 50,000 ஆகவும் அவ்வரம்பு உயர்ந்தது. இணைய அங்காடியில் வாங்கியவையும் 2007ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு இச்சட்டத்துக்குள் வந்துவிட்டன.

சிங்கப்பூரிலோ, 2012ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1ஆம் தேதி முதல் "லெமன் சட்டம்" என்று மக்கள் வழங்கும் விதிகள் நடப்பில் உள்ளன. சரக்கைப் பெற்ற 6 மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், அது கொடுக்கும்போதே இருந்த பழுது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று காட்டும் பாரம் விற்றவரைச் சேரும். முதலில் பழுது பார்த்துத் தரவேண்டும், அல்லது மாற்றித் தரவேண்டும். நியாயமான காலத்தில், வாங்கியவருக்குப் பெருந்தொல்லை இல்லாமல் அது நடவாவிடில், விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பிப் பெறவோ உரிமை பிறக்கும். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கிறது.

இவையெல்லாம் தாமாக வந்து விழுந்தவையல்ல. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969இலும், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 1971இலும் தோன்றி, வருஷக் கணக்கில் இடைவிடாது கிளர்ச்சி செய்து வந்ததும் இவற்றுக்கு ஒரு காரணம். அப்படி வந்த உரிமையைக் கேட்டு வாங்க வெட்கப்படுகிறவர் நம்மில் எத்தனை பேர்! கடைக்குத் திரும்பிப் போய் நியாயம் கேட்பதைப் பிச்சை கேட்பதாக எண்ணிக் கூசுகிறார்கள். கொடுத்த காசுக்குச் சரியான சரக்கைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? கூசவேண்டியவர் கெட்ட சரக்கை விற்றவர்.

வாங்குபவர் தரப்பு

நிற்க. இனி வாங்குபவரின் குற்றத்துக்கு வருவோம். இதுவரை தலையசைத்து வந்த வாசகரிற் சிலருக்கு இனிக் கோபம் வரும். வரட்டும்.

கைப்பேசியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஓர் இரவு முழுவதும் அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்து, இனி உயிர் வராதென்று தெரிந்த பின், "தானாகவே நின்றுவிட்டது" என்று கடையில் நீட்டுகிறவர் இருக்கிறார். பல கைப்பேசிகளின் உட்புறத்தில் ஒரு சிறு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருப்பதும், நீர் பட்டால் அது சிவந்துவிடுவதும் அவருக்குத் தெரியாது. பழுது பார்ப்பவர் அதைத் திறந்து காட்டும்போதும், "மழைக்காலத்து ஈரமாயிருக்கும்" என்று இரண்டாவது பொய்யைச் சொல்லுகிறார்.

மிக்சியில் கொள்ளளவுக்கு மேல் உளுந்தைப் போட்டு, தண்ணீரும் விடாமல் ஓட்டிச் சுருளைக் கருக்கிவிட்டு, "முதல் நாளே இப்படித்தான்" என்று சாதிக்கிறவர் இருக்கிறார். பாரம் மிகுந்தால் தானாக நிற்கும்படி பெரும்பாலான மிக்சிகளின் அடியில் ஒரு சிறு பொத்தான் அமைத்திருக்கிறார்கள். சற்று ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். கூட வந்த சிறு புத்தகத்தைப் படிக்காதவர் அதைப் பழுதென்று நினைத்துக் கடைக்கு ஓடிவருகிறார். இவரை நாம் குறை கூறவில்லை; இவருடையது அறியாமை. தெரிந்தே கருக்கிவிட்டுத் தெரியாதவர்போல் நிற்பவரைத்தான் கண்டிக்கிறோம்.

தீபாவளிக்கு முதல் வாரம் புடவையோ சட்டையோ வாங்கி, விலைச் சீட்டை அறுக்காமல் உள்ளே மடித்து மறைத்து உடுத்தி, விருந்துக்கும் போய், படமும் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் "அளவு சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பதைச் சாமர்த்தியம் என்று பெருமையாகப் பேசிக்கொள்வோரும் உளர். உலகக் கிண்ணக் காற்பந்து முடியும்வரை பெரிய தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டில் வைத்திருந்து, முடிந்ததும் "படம் தெளிவாயில்லை" என்று திருப்பிவிடுவதும் இவ்வகையே. புதிதாக வாங்கிய பெட்டிக்குள் வீட்டிலிருந்த பழைய சாமானை வைத்துக் கொடுப்பதைப் பற்றி நாம் விவாதிக்கவே போவதில்லை. அதற்குத் திருட்டு என்று தமிழில் ஏற்கெனவே பெயருண்டு.

சாக்குகள் நான்கு

இவர்களைக் கேட்டால் நான்கு சாக்குகள் சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

"அது பெரிய கம்பெனி, அவர்களுக்கு இதனால் என்ன நட்டம்?" என்பது முதற்சாக்கு. நட்டம் கம்பெனியின் வாசலிலேயே நின்றுவிடுவதில்லை. அடுத்த வருஷத்து விலையில் அது ஏறுகிறது. அதைச் செலுத்துவோர் நம்மைப் போன்றவர்களே. சிறு கடையாயின், திருப்பி வாங்கிய கடைப் பையன்மீதே முதலாளியின் கோபம் விழுகிறது. அவனும் பெரும்பாலும் நம்மில் ஒருவன். எல்லாவற்றினும் பெரிய நட்டம் வேறொன்று. பொய் சொல்லித் திருப்பியவர் பத்துப் பேர் வந்துபோன கடையில், பதினோராவதாக உண்மையான பழுதுடன் வருகிற ஏழைக்கு என்ன நேர்கிறது? அவரும் பொய்யரென்றே நடத்தப்படுகிறார். நாலு பேர் முன்னிலையில் குறுக்கு விசாரணை செய்யப்படுகிறார். கெட்டிக்காரர் தின்ற பண்டத்துக்குச் சாது காசு கொடுக்கிறார்.

"கடைக்காரர்கள் நம்மை ஏமாற்றவில்லையா? நாமும் ஏமாற்றினால் என்ன?" என்பது இரண்டாவது சாக்கு. நம்மை ஏமாற்றியவர் ஒருவர். இன்று நாம் ஏமாற்றப் போவது வேறொருவரை. ஒருவர் அடித்ததற்காக மற்றொருவரைத் திருப்பி அடிப்பதற்கு நியாயம் என்று பெயரிட முடியுமா? ஏமாற்றியவர் அதே கடைக்காரர்தான் என்றாலோ, அவர்மீது முறையிடுவதற்கு மன்றம் திறந்திருக்கிறது. அங்கே போகச் சோம்பல்பட்டுப் பொய்யால் பழிவாங்குகிறவர் தம் உரிமையையும் இழக்கிறார். மன்றத்தில் பேசும் யோக்கியதையையும் இழக்கிறார்.

"அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை, இதில் பொய் எங்கே?" என்பது மூன்றாவது. இதற்குச் சற்று நிதானமாகவே பதில் சொல்லவேண்டும். காரணம் கேளாமலே இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று தாமாகவே விளம்பரம் செய்யும் கடைகள் உண்டு. அவர்கள் இட்ட நிபந்தனைக்குள் நின்று, சரக்கு கெடாத நிலையில், அச்சலுகையைப் பயன்படுத்துகிறவரிடம் நாம் குற்றம் காணவில்லை. ஆனால், திருப்பி வாங்குகிறவர் தாம் வாங்குவது நல்ல சரக்கு என்று நம்பிக்கொண்டிருக்க, அது கருகியது என்று தெரிந்தவர் வாய் திறவாமலிருந்தால் அந்த மௌனமே பொய்யாகிறது. பழுதான சரக்கைப் பழுதென்று சொல்லாமல் விற்ற கடைக்காரரை எந்தக் காரணத்துக்காகத் திட்டினோமோ, அந்தக் காரணம் இங்கே நம்மையே திட்டுகிறது.

நான்காவது சாக்கே பலமுள்ளது. "உத்தரவாதத்தின்படி கொடுத்தால் மாதக் கணக்கில் காக்க வைக்கிறார்கள். இன்று வா, நாளை வா என்கிறார்கள். உதிரிப் பாகம் வரவில்லை என்கிறார்கள். கடையில் ஒரு பொய் சொன்னால் பத்து நிமிஷத்தில் புதிது கிடைக்கிறது" என்கிறார்கள். இதிலுள்ள உண்மையை நாம் மறுக்கவில்லை. குளிர்பெட்டியில்லாமல் ஒரு குடும்பம் எத்தனை வாரம் இருக்கும்? தாமதிக்கும் பழுதுநிலையங்களே வாங்குவோரைப் பொய்க்குப் பழக்குகின்றன என்று நாம் பகிரங்கமாகவே குற்றம் சாட்டுகிறோம். ஆயினும் பரிகாரம் பொய்யன்று. "நியாயமான காலம்" என்று இரு நாட்டுச் சட்டங்களும் சொல்வது இதற்காகவே. ஒப்படைத்த தேதியை எழுத்தில் வாங்கி வைத்திருப்பவர், காலம் கடந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையுடன் விற்றவர் முன் நிற்கலாம். பொய் சொல்லி ஒருவர் தப்பித்துக்கொண்டால் பழுதுநிலையத்தின் தாமதம் அப்படியே இருக்கும். ஒருவர் மன்றத்தில் வென்றால் அடுத்து வருகிறவரை அவர்கள் காக்க வைக்க அஞ்சுவார்கள்.

எதற்கு எந்த வழி?

பழுது மூன்று வகைப்படும். வகை அறிந்தால் வழியும் விளங்கும்.

பிறவிப் பழுது முதலாவது. பெட்டியைத் திறந்த அன்றே ஓடாதது, கீறியிருப்பது, பாகம் குறைந்திருப்பது, லோரியில் ஏற்றி இறக்கியதில் நசுங்கி வந்தது ஆகியவை இதில் அடங்கும். இதற்கு வழி விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே. தாமதம் கூடாது, நியாயமான காலத்துக்குள் மறுக்காதவர் மறுக்கும் உரிமையை இழப்பார் என்பதும் மலேசியச் சட்டத்திலுண்டு. புதுச் சரக்கு என்று விலை வாங்கிக்கொண்டு, முதல் நாளே அதைப் பழுதுநிலையத்துக்கு அனுப்பி ஒட்டுப்போட்ட சரக்காக்கித் தருவது நாணயமான வியாபாரிக்கு அழகன்று.

உபயோகத்தில் வெளிப்படும் பழுது இரண்டாவது. ஏழெட்டு மாதம் ஒழுங்காக ஓடிய கருவி, உரிய முறையில் கையாண்டும் நின்றுவிடுகிறது. உத்தரவாதம் ஏற்பட்டது இதற்காகவே. இத்தனை மாதம் உபயோகித்த பொருளுக்குப் புதிது வேண்டுமென்று கடையில் அடம்பிடிப்பது பேராசை. பழுது பார்த்துக்கொள்வதே முறை. பொருளும் குப்பைமேட்டுக்குப் போகாமல் பிழைக்கும். ஆயினும் அதைக் கம்பெனியிடம் சேர்ப்பிக்கக் கடைக்காரர் உதவவேண்டும். பழுது பலமுறை பார்த்தும் தீராவிட்டால் விற்றவரின் பொறுப்பு மீண்டும் எழும்.

நம் கையால் நேர்ந்த சேதம் மூன்றாவது. விழுந்தது, நனைந்தது, கருகியது, தெரியாதவர் திறந்து கெடுத்தது ஆகியவற்றோடு, நாளடைவில் இயல்பாய்த் தேய்வதையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். இதற்குக் கடையும் பொறுப்பல்ல, கம்பெனியும் பொறுப்பல்ல. சிங்கப்பூரின் லெமன் சட்டமும் இவற்றை ஏற்பதில்லை. மலேசியச் சட்டமும் தகாத உபயோகத்தால் கெட்டதற்கு விற்றவரைப் பொறுப்பாக்குவதில்லை. காசு கொடுத்துப் பழுது பார்த்துக்கொள்வதே நேர்மை. பக்கத்துத் தெருவில் சிறு கடை வைத்துப் பழுது பார்த்துப் பிழைக்கிற ஒரு தொழிலாளிக்கும் அதனால் நாலு காசு கிடைக்கும்.

நம் கையால் கெட்டதா, அதன் கோளாறா என்று நமக்கே தெரியாத வேளையும் உண்டே என்று கேட்பீர்கள். குளிர்பெட்டியைப் படுக்க வைத்து லோரியில் கொண்டுவந்து, இறக்கியதும் நிமிர்த்தி மின்சாரம் கொடுத்தோம், குளிரவில்லை. யார் குற்றம்? நடந்ததை நடந்தபடியே சொல்லுவதுதான் நம் கடமை. முடிவு செய்வது சோதிப்பவரின் வேலை. சிங்கப்பூர்ச் சட்டத்தின் 6 மாத விதியை இங்கே எண்ணிப் பாருங்கள். ஏழை வாங்குபவர் இயந்திரத்தின் உட்பழுதை எப்படி நிரூபிப்பார் என்று இரங்கியே சட்டம் பாரத்தை விற்றவர்மேல் வைத்தது. வாங்குபவரின் சொல்லை நம்பி வைக்கப்பட்ட விதி அது. நம் பொய்கள் பெருகினால், இப்படிப்பட்ட விதிகளைக் குறுக்கவேண்டும் என்று வியாபாரிகள் அரசாங்கத்திடம் கேட்க நாமே காரணம் தேடித் தந்தவர்களாவோம். அப்போது இழப்பது யார்? வக்கீலும் வசதியும் உள்ளவர் இழக்கமாட்டார். தோட்டத்துக் கிழவியும் அடுக்குமாடி வீட்டு விதவையுமே இழப்பார்கள்.

செய்யவேண்டுவன

வாங்குவோர்க்குச் சில சொல்லுவோம். கடையை விட்டு வெளியேறுமுன் சாமானை ஓட்டிப் பாருங்கள். உத்தரவாதச் சீட்டில் தேதியும் கடை முத்திரையும் இடுவித்துக்கொள்ளுங்கள். இக்காலத்து ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளிலானவை. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். ஆதலால் அன்றே படமெடுத்து வையுங்கள். சென்னையிலிருந்து ஆசையாய்க் கொண்டுவரும் மிக்சிக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள்ளேயே செல்லும் என்பதை மறவாதீர்கள். கூட வரும் சிறு புத்தகத்தை உங்களால் படிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வியாபாரிகளுக்கும் சொல்லுவோம். சங்க காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்ந்தது. அளவுக்கு மேல் பெறுவதும், அளவிற் குறைத்துத் தருவதும் ஆகிய இரண்டையுமே அவர்கள் இழுக்கென்று கருதினார்கள் என்பதற்காகவே அப்புகழ். அந்தப் பாட்டைப் பொங்கல் விழாவில் மேற்கோள் காட்டிவிட்டு, மறுநாள் கடையைத் திறந்து "கம்பெனியிடம் போ" என்று விரட்டுவது பொருந்துமா? சுவர்ப் பலகையைக் கழற்றி எறியுங்கள். "பழுதான சரக்குக்கு நாங்கள் பொறுப்பு, மனம் மாறிய சரக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மாட்டுங்கள். தோட்டப்புறத்தார் கொண்டுவரும் சாமானை நீங்களே வாங்கி வைத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அனுப்பும் செலவைவிட அதனால் வரும் பெயர் பெரிது.

நம் சங்கங்களும் வாசகசாலைகளும் இளைஞர் மன்றங்களும் ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல், மாதத்தில் ஒரு மாலை நடுவர் மன்றத்துப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் வைத்தால் போதும். அங்கே வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதைக் கெடுத்தது அதுவா, நீங்களா?" உண்மையைச் சொன்னவருக்குக் கடைசிவரை துணை நிற்கட்டும். பொய் சொன்னவருக்கு வாசலைக் காட்டட்டும்.

தோட்டக் கடையின் பற்றுப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதியதே கணக்கு என்றிருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். புழுத்த அரிசியையும் பேசாமல் வாங்கிப் போனார்கள். திருப்பிக் கொடுப்பது என்ற சொல்லே அவர்களுக்கு இருந்ததில்லை. அவர்கள் வாயில்லாமல் இழந்ததை இன்று சட்டம் நம் கையில் தந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறாதவர் தமக்கே துரோகம் செய்கிறார். பொய் சொல்லிப் பெறுகிறவர் தம் இனத்தார் அனைவருக்கும் துரோகம் செய்கிறார். பழுது அவர்களுடையதாயின் தலை நிமிர்ந்து கேளுங்கள். நம்முடையதாயின் காசைக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.